குலுங்காமல் கொண்டுபோக வேண்டிய கண்

ஆபரேஷன் முடிந்து என் மனைவியைச் சென்னையிலிருந்து காஞ்சிபுரத்துக்குக் கூட்டிவந்த அன்றைக்குத்தான் என் வண்டிக்கு அடியிலிருந்து வரும் சத்தம் என் காதில் சரியாக விழுந்தது. அதற்கு முன்னாலும் அது இருந்ததுதான். வண்டியைக் கிளப்பும்போது ஒரு ‘தொம்’. நிறுத்தும்போது ஒரு ‘தொம்’. ரிவர்ஸ் போட்டுக் கிளட்ச்சை விட்டால் இன்னும் கொஞ்சம் பெரிதாக ஒரு ‘தொம்’. ஜீப் மாதிரி உயரமான பழைய வண்டி, டீசல் இன்ஜின், இதெல்லாம் இருக்கத்தான் செய்யும் என்று விட்டிருந்தேன். கல்யாணப் புடவை எடுக்க வருகிற குடும்பங்களைக் கோவிலுக்கும் கடைக்கும் ஏற்றி இறக்குவது என் தொழில். அவர்களும் ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. மாமியாரும் நாத்தனாரும் பார்டர் கலரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டால் இன்ஜினே கழன்று விழுந்தாலும் வண்டிக்குள் யாருக்கும் கேட்காது.

அன்றைக்கு வண்டியில் பேச்சில்லை. நடு சீட்டில் என் மனைவி குப்புறப் படுத்திருந்தாள். வலது கண்ணில் கட்டு. நெற்றிக்குக் கீழே ஒரு தலையணை, அதன் நடுவில் மூச்சு விட இடம். கண்ணுக்குள்ளே பின்பக்கச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டிய ஒரு சவ்வு உரிந்து வந்துவிட்டதாம். அதைத் திரும்ப ஒட்டி, ஒட்டினது நிற்பதற்காக உள்ளே ஒரு எண்ணெயை வைத்திருந்தார்கள். டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரிதான் சொன்னார். “எண்ணெய் மேலேதானே மிதக்கும்? இவங்க முகத்தைக் கீழே வச்சிருந்தா அது மேலே போய்ப் பின்சுவரை அழுத்தும். அதனால உட்கார்ந்தாலும் படுத்தாலும் முகம் கீழேதான் இருக்கணும். அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க. வண்டி குலுங்காம பார்த்துப் போங்க.”

கடைசியாகச் சொன்னாரே, அந்த ஒரு பேச்சை வீட்டுக்குக் கிளம்புகிற எல்லோருக்கும் அவர் சொல்லியிருப்பார். எனக்கு அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

நான் பயந்த சுபாவம். எட்டாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படித்தவர்கள் ஒரு விஷயத்துக்குப் பயந்தால், எதையாவது படித்துப் பார்த்து இதற்கு இவ்வளவு பயம் போதும் என்று நிறுத்திக்கொள்வார்கள்போல. எனக்கு அந்த அளவு தெரியாது. டோல்கேட்டில் நின்றேன், தொம். கிளம்பினேன், தொம். ஒவ்வொரு தொம்முக்கும் ஒட்டி வைத்த சவ்வின் ஒரு மூலை எழும்புகிற மாதிரி எனக்கு இருந்தது. சுங்குவார்சத்திரம் வருவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

பின்னாலிருந்து, சீட்டுக்குள் அமுங்கின குரலில் அவள் கேட்டாள்.

“இன்னாங்க, கீழ யாரையாவது கட்டிக்கினு வர்றீங்களா?”

“ஏன்?”

“உதைக்கிறான் அவன்.”

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. சிரித்தால் தலை ஆடுமே, இவள் ஏன் சிரிக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

பஸ்ஸில் கூட்டிப்போக முடியாது. சின்ன காரில் குப்புறப் படுக்க இடம் கிடையாது. என் வண்டியில் நடு சீட்டு ஒரே பலகையாக நீளமாக இருக்கும். அவள் காலை மடக்கிக்கொண்டால் சரியாகப் பொருந்திவிடும். அதனால் அடுத்த வாரமும் இதே வண்டிதான். அதற்குள் அந்தச் சத்தத்தை நிறுத்தியாக வேண்டும். எனக்கு முன்னால் இருந்த வேலை இது ஒன்றுதான். கண்ணை டாக்டர் பார்த்துக்கொள்வார். வண்டியை நான்தானே பார்க்க வேண்டும்.

அந்தக் கண் எப்படிக் கெட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே தறி இருக்கிறது. நெய்வது அவள்தான். நானும் சின்ன வயதில் நெய்தவன், முதுகு ஒத்துவராமல் ஸ்டீயரிங்குக்கு வந்தவன். ஒருநாள் தறியில் இருந்தபடியே, “பாவுல கறுப்பு நூல் ஒண்ணு கலந்திருக்குது” என்றாள். பாவு என்பது தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டியிருக்கும் நூல். அப்போது தறியில் இருந்தது மாம்பழக் கலர். அதில் கறுப்பு எப்படி வரும்? விரலால் தடவித் தடவித் தேடினாள். இங்கே இருந்தது, அங்கே போய்விட்டது என்றாள். அறுந்த இழை ஏதோ மிதக்கிறது என்று நினைத்து, நான் பல்பை இறக்கிப் பிடிக்க, இரண்டு பேரும் சேர்ந்து தேடினோம். வேறு யாராவது என்றால் கண்ணில் பூச்சி பறக்கிறது என்று அன்றைக்கே டாக்டரிடம் போயிருப்பார்கள். எங்களுக்குக் கண்ணுக்கு முன்னால் ஒரு நூல் தெரிந்தால் அது தறியில்தான் இருக்க வேண்டும். பாவைப் பாதி தூரம் அலசிவிட்டோம். பிறகு ஒரு காலையில், சேலையின் ஒரு பக்கத்துக் கரையே தெரியவில்லை, திரை போட்டமாதிரி இருக்கிறது என்றாள். அதற்கப்புறம்தான் ஆஸ்பத்திரி.

சென்னையிலிருந்து வந்த மறுநாள், பக்கத்து வீட்டம்மாவை அவளுக்குத் துணைக்கு உட்காரவைத்துவிட்டு, செவிலிமேட்டில் இருக்கும் மெக்கானிக்கிடம் போனேன். அவன் மாகறல் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. டிராக்டரில் கை வைத்துப் பழகி ஊருக்குள் பட்டறை போட்டவன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவன், வாய் மட்டும் பெரியது. பானெட்டைத் தூக்கினான். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கியரில் வைத்து, கிளட்ச்சைப் பாதி விடச் சொன்னான். விட்டேன்.

“நிறுத்து, நிறுத்து. நீயே வந்து பாரு.”

அவன் உள்ளே ஏறிக்கொண்டு அதையே செய்ய, நான் முன்னால் நின்று பார்த்தேன். இன்ஜின் ஒரு பக்கமாக எழுந்து, திரும்ப உட்கார்ந்தது. நாற்காலியில் தூங்கி வழிகிறவன் யாரோ கூப்பிட்டதும் எழப் பார்த்து மறுபடி விழுவானே, அப்படி.

“மவுண்டிங் போயிடுச்சுண்ணா. மூணுமே காலி.”

இன்ஜின் நேராகச் சட்டத்தின் மேல் உட்காருவதில்லை. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, கியர்பாக்ஸுக்கு அடியில் ஒன்று என்று மூன்று இடத்தில் கனமான ரப்பர் வைத்து, அதன் மேல்தான் உட்காரவைத்திருக்கிறார்கள். இன்ஜினின் ஆட்டத்தை அந்த ரப்பர் வாங்கிக்கொள்ளும். எங்கள் வண்டியில் கியர்பாக்ஸுக்கு அடியில் இருந்தது பாளம் பாளமாக வெடித்திருந்தது. டிரைவர் பக்கத்து ரப்பரை அவன் டார்ச் அடித்துக் காட்டினான். கறுப்பாக ஈரமாக இருந்தது.

“இது இன்னா ஈரம்?”

“ரெண்டு பக்கமும் எண்ணெய் அடைச்ச மவுண்டிங்குண்ணா. உள்ள இருக்கிற எண்ணெய்தான் அதிர்ச்சிய வாங்கும். கிழிஞ்சி ஒழுகிப்போச்சு. இப்ப வெறும் தோலு, அதான் இடிக்குது.”

நான் பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. வண்டிக்குப் போய் ஏன் ஆள் இப்படி ஆகிறான் என்று பார்த்தான். உள்ளே அடைத்த எண்ணெய், தோல் கிழிந்து ஒழுகிப்போவது, அதையெல்லாம் கேட்கிற நிலைமையில் நான் இல்லை என்று அவனுக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லித் தெரிந்தபிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “அண்ணி கண்ணு வேற, இது வேறண்ணா” என்றான். அது எனக்குத் தெரியாதா. தெரிந்து என்ன ஆகப்போகிறது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் பக்கவாட்டு மவுண்டிங் இரண்டு வகை இருந்தது. ஒன்று பழையபடி எண்ணெய் அடைத்தது. இன்னொன்று உள்ளே ஒன்றுமில்லாத கெட்டி ரப்பர், கல்குவாரிக்கு ஓடுகிற வண்டிக்காரர்கள் கேட்டு வாங்குவதாம். எண்ணெய்க்காரனை அழுத்தினால் கட்டைவிரல் கொஞ்சம் உள்ளே போனது. கெட்டிக்காரனை அழுத்தினால் என் நகம்தான் வெளுத்தது.

“ரெண்டுலயும் ஒண்ணு வீட்டுக்கு எடுத்துக்கினு போறேன்பா. காமிச்சிட்டு வரேன்” என்றேன்.

மெக்கானிக் கடைக்காரரைப் பார்த்தான். “மவுண்டிங்க வீட்டுல காமிச்சு எடுக்கிற மொத ஆளு இவருதான். முந்தானை எந்தப் பக்கம்னு கேட்டுக்கண்ணா.”

சொல்லிக்கொள்ளட்டும். எனக்குத் தனியாக ஒரு முடிவெடுத்துப் பழக்கமில்லை. எங்கள் வீட்டில் எது இறுக்கம், எது தளர்வு என்று கையால் சொல்லக்கூடியவள் அவள்தான்.

வீட்டில் அவள் தரையில் உட்கார்ந்து, முன்னால் போட்ட முக்காலியில் மடித்த துண்டின் மேல் நெற்றியை வைத்திருந்தாள். பகலெல்லாம் அப்படித்தான். பேசினால் தரையோடு பேசுகிற மாதிரி இருக்கும். இரண்டையும் அவள் கைக்குக் கொடுத்தேன். தலையைத் தூக்காமல் மடியில் வைத்து விரலால் தடவினாள், அழுத்தினாள், தட்டினாள்.

“இது இன்னாங்க, கொழகொழன்னு இருக்குது?”

“உள்ள எண்ணெய் இருக்குது.”

“என் கண்ணுல ஊத்தினமாதிரியா?”

“ஆமா.”

“அப்ப இதுவும் குப்புறதான் படுத்துக்கினு இருக்கணுமா?”

பக்கத்து வீட்டம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான், “ஒழுகிப்போகும்னு சொல்றான்மா” என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் விரல் ஒரு நிமிஷம் நின்றது. பிறகு அதை ஓரமாக வைத்துவிட்டு மற்றதை எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து நெருக்கிப் பார்த்தாள்.

“இதையே போடுங்க. கெட்டியா இருக்குது. தொளதொளன்னு இருக்கிறதாலதானே இடிக்குது? பாவு தொங்கினா இன்னா ஆவும்? எல்லாம்தான் கெடும்.”

எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. தறி இருக்கிற வீட்டில் எந்தக் கோளாறுக்கும் முதல் சந்தேகம் தளர்வுதான். பாவு தளர்ந்தால் நெசவு கெடும், கட்டு தளர்ந்தால் கரை வளையும், தறிக்கால் ஆடினால் ஆப்பு அடிப்போம். இறுக்கினால் சரியாகிவிடும் என்பது எங்கள் கையிலேயே இருக்கிற பாடம். கூடவே, எண்ணெய் இருந்தால்தானே ஒழுகும், இல்லாததற்கு என்ன பயம் என்கிற கணக்கும் எனக்கு இருந்தது. கெட்டியையே போடச் சொல்லிவிட்டேன். மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டு, “உன் வண்டி, உன் இஷ்டம்ணா” என்றான். கியர்பாக்ஸுக்கும் புது ரப்பர் போட்டான்.

வண்டியை எடுத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. தொம் இல்லை. கிளப்பினேன், இல்லை. நிறுத்தினேன், இல்லை. ரிவர்ஸ் போட்டுப் போட்டுப் பார்த்தேன், இல்லவே இல்லை. அந்த நிம்மதி வீட்டு வாசல் வரைக்கும் இருந்தது.

வாசலில் இன்ஜினை அணைக்காமல் இறங்கி, ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்றைக்கு வேண்டியிருக்கும் என்று தலையணையைக் கொண்டுவந்து நடு சீட்டில் வைத்தேன். தண்ணீர் குடிக்க உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்தால் தலையணை வைத்த இடத்தில் இல்லை. சீட்டு ஓரத்துக்கு வந்திருந்தது. நான் சரியாக வைக்கவில்லைபோல என்று திரும்ப நடுவில் வைத்து, நின்று பார்த்தேன். அது தானாக நகர்ந்தது. எறும்பு இழுத்துப்போகிற மாதிரி, மெல்ல மெல்ல. சைடு கண்ணாடியில் எங்கள் தெருவே கலங்கித் தெரிந்தது. கதவில் கை வைத்தேன், உள்ளங்கை கூசியது. சத்தமாக இருந்த ஆட்டம் முழுக்கப் பொடிப்பொடியாகி வண்டி முழுவதும் பரவிவிட்டிருந்தது.

அவளிடம் சொல்லவில்லை. முக்காலியில் நெற்றியை வைத்தபடி, “நின்னுடுச்சா சத்தம்?” என்று கேட்டாள். “நின்னுடுச்சு” என்றேன். அது பொய்யும் இல்லை.

மறுநாள் காலையில் மெக்கானிக்கிடம் போய், “நீ ஓட்டு. நான் பின்னால படுத்துப் பாக்கணும்” என்றேன்.

“எங்க படுக்கப்போற?”

“நடு சீட்டுல. குப்புற.”

அவன் என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தான். பிறகு ஒன்றும் பேசாமல் சாவியை வாங்கிக்கொண்டான். அதற்காக அவனை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

தாமல் பக்கம் ஏரிக்கரை வரைக்கும் போனோம். அவள் தலையணையிலேயே முகத்தை வைத்து, அவள் மடக்குகிற மாதிரியே காலை மடக்கிப் படுத்துக்கொண்டேன். வண்டி வேகமாகப் போகும்போது பரவாயில்லை. மெதுவானால் போதும், கன்னத்து எலும்புக்குள் ஒரு வண்டு புகுந்துகொண்டது. நின்றால் பல்லெல்லாம் ஒன்றோடொன்று பேசின. மூடிய கண்ணுக்குள்ளே கூட என்னவோ நடுங்கியது. நல்ல கண் வைத்திருக்கிற எனக்கே இப்படி என்றால்.

டீக்கடை முன்னால் நிறுத்தினான். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஜன்னலோரம் வந்து நிற்பது தெரிந்தது.

“இன்னாபா ஆச்சு, ஆளு மூச்சு பேச்சு இல்லாம கெடக்குறான்? ஆஸ்பத்திரிக்கா?”

“இல்ல பெரியவரே, மவுண்டிங் பாத்துக்கினு இருக்காரு.”

“கவுந்து படுத்துக்கினா?”

“அவரு அப்படித்தான் பாப்பாரு.”

நான் எழுந்து உட்கார்ந்தேன். முகத்தில் தலையணைத் துணியின் மடிப்பு பதிந்திருக்கும். பெரியவர் திருப்தியில்லாமல் போனார்.

“உனக்கு இது தெரியும்தானே?” என்று மெக்கானிக்கைக் கேட்டேன்.

“இவ்ளோ இருக்கும்னு தெரியாது. கொஞ்சம் இருக்கும்னு தெரியும்.” டீயை நீட்டினான். “இன்ஜின் ஆடாம இருக்காதுண்ணா. அந்த ஆட்டத்த ரப்பர் வாங்கணும். ரப்பர் வாங்கலன்னா பாடி வாங்கும், பாடி வாங்கினா உள்ள இருக்கிறவங்க வாங்கணும். குவாரி வண்டில யாரு இருக்கா? கல்லுதானே.”

“மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?”

“நீ வீட்டுல கேட்டுக்கினு வந்துட்ட. அண்ணி சொன்னப்புறம் நடுவுல பேச நான் யாரு? என் வீட்டுலயே நான் பேசறதில்ல.”

அவன்மேல் கோபப்படத்தான் பார்த்தேன். வரவில்லை. கெட்டியாக இருந்தால் சரி என்று பார்த்தது எங்கள் கைதான். பாவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் அடியில் தாங்குகிற பொருள் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று எங்கள் விரலுக்குத் தெரியவில்லை.

திரும்ப கடைக்குப் போனால் எண்ணெய் மவுண்டிங் ஒன்றுதான் மீதி இருந்தது. இன்னொன்றை ஏதோ வண்டிக்கு எடுத்துப்போய்விட்டார்கள். சென்னையிலிருந்து வர வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் எண்ணெய், ஒரு பக்கம் கெட்டி என்று இப்போதைக்குப் போட்டுவிடலாமா என்று கேட்டேன். “பாதி மெத்தை, பாதி பலகை போட்டு நீ படுப்பியா?” என்றான். நான் கடைக்குக் காலையிலும் சாயங்காலமும் போய் நின்றேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கையை மட்டும் ஆட்டுவார், இல்லை என்று. வீட்டில் அவள், “சத்தம்தான் நின்னுடுச்சே, தினமும் எங்க போறீங்க?” என்று கேட்டாள். அன்றைக்குத்தான் சொன்னேன்.

“ஒழுகுமா அது?” என்றாள்.

“புதுசு ஒழுகாது.”

“எத்தனி நாளைக்கு?”

அவள் வண்டியைப் பற்றிக் கேட்கிறாளா, வேறு எதையாவது கேட்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

மவுண்டிங் வந்ததும் இரண்டையும் நேராகப் பட்டறைக்குக் கொண்டுபோக எனக்கு மனசு வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து செய்தித்தாளை விரித்து அதன் மேல் வைத்தேன். காலையில் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு பொட்டு எண்ணெய்க் கறை இல்லை. பிறகுதான் எடுத்துப்போனேன். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “நல்லா இருக்குதா புள்ளைங்க?” என்று கேட்டார்.

மெக்கானிக் இன்ஜின் எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கியால் தாங்கி, கெட்டி ரப்பரைக் கழற்றி இதை வைத்தான். போல்ட்டைக் கையாலேயே திருகிவிட்டு நிறுத்திக்கொண்டான். ஸ்பேனர் என் பக்கத்தில் இருந்தது. நான் எடுத்து இறுக்கப் போனேன்.

“வை அதை. உங்க ஜாதி கையே இறுக்கத்தான் போகும்போல.” அவன் வண்டியைக் கிளப்பிக் கொஞ்சம் ஓடவிட்டான். “மொதல்ல அது ஆடி அசைஞ்சி தனக்குத் தோதா உக்காரட்டும். அப்புறம் இறுக்கலாம்.”

நாங்கள் இரண்டு பேரும் சும்மா நின்று இன்ஜின் உட்காருவதைப் பார்த்தோம். பார்க்க ஒன்றுமில்லை. எனக்குத்தான் கை பரபரத்தது. முடிந்தபிறகு மறுபடி ஒருமுறை அதே சீட்டில் குப்புறப் படுத்து ஓரிக்கை வரை போய்வந்தேன். தலையணை வைத்த இடத்தில் இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்று வெயில் ஏறுவதற்கு முன்பே கிளம்பிவிட்டோம். ரோட்டு வேலை நடக்கிற இடங்களில் தள்ளுவண்டி வேகத்தில் போனேன். பின்னால் வந்த லாரிக்காரர்கள் என் வீட்டுப் பெரியவர்களையெல்லாம் விசாரித்துவிட்டுப் போனார்கள். போகட்டும். ஒவ்வொரு வேகத்தடையிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சத்தமும் இல்லை, நடுக்கமும் இல்லை. அதுவே எனக்குப் பயமாகிவிட்டது, அவளிடமிருந்தும் சத்தம் இல்லையே.

“தூங்கிட்டியா?”

“இல்ல. வண்டி ஓடுதா நிக்குதான்னு தெரியல. அதான் காது குடுத்துக் கேட்டுக்கினு இருக்கேன்.”

இந்த ஒரு வாரத்தில் நான் செய்த காரியத்துக்கு அதைவிட நல்ல பேச்சை யாரும் சொல்லியிருக்க முடியாது. ஆனாலும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வண்டி சரியாகிவிட்டால் பயம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். வண்டி சரியாகிவிட்டது. பயம் இப்போது தங்குவதற்கு வண்டி இல்லாமல், நேராக எங்கே போக வேண்டுமோ அங்கே போய் நின்றது.

டாக்டரம்மா கட்டை அவிழ்த்து, சொட்டு மருந்து விட்டு, இருட்டு அறையில் வெளிச்சம் அடித்து நெடுநேரம் பார்த்தார். நான் சுவரோரம் நின்றேன்.

“ஒட்டியிருக்கு. நல்லாவே ஒட்டியிருக்கு” என்றார். “இனிமே உட்காரலாம், நிமிரலாம். மல்லாந்து மட்டும் படுக்க வேணாம். எண்ணெயைச் சில மாசம் கழிச்சு எடுத்துடலாம்.”

நான் கும்பிட்டேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“இன்னும் ஒண்ணு இருக்குங்க. சவ்வோட நடுப்பகுதியும் உரிஞ்சு போனப்புறம்தான் வந்தீங்க. அதனால பார்வை முழுசா பழையபடி வராது. நேர்கோடு வளைஞ்ச மாதிரி தெரியலாம். அந்த வளைவு சிலருக்குக் கொஞ்சம் கொஞ்சமா குறையும். சிலருக்கு அப்படியே இருந்துடும். இப்பவே எதுவும் சொல்ல முடியாது.”

“வண்டி குலுங்கினதால ஆச்சுங்களா?” என்று கேட்டுவிட்டேன்.

அவருக்குப் புரியவில்லை. திரும்பச் சொன்னேன். “அதெல்லாம் இல்லைங்க. உங்க வண்டிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை” என்றார். அப்படியானால் ஏன் சொன்னீர்கள் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. ஒரு வாரமாக நான் கையில் பிடித்துக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். அதையும் அவர் வாங்கி வைத்துக்கொண்டார். என் மனைவி “நெய்யலாமா?” என்று மட்டும் கேட்டாள். “கொஞ்ச நாள் போகட்டும்மா, பார்ப்போம்” என்றார்.

திரும்பும்போது அவள் முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் முகத்தை நேராகப் பார்த்தேன். நெற்றியில் முக்காலித் துண்டின் மடிப்பு பதிந்த தடம் இருந்தது. பச்சைக் கண்ணாடி போட்டுவிட்டிருந்தார்கள். சென்னையைத் தாண்டியதும் அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ரோடு அகலமாக, ஒரே நீட்டமாகப் போகிற இடம். நடுவில் புதிதாக அடித்த வெள்ளைக்கோடு.

“இங்க வளையுதாங்க ரோடு?”

எனக்குக் கால் தானாக பிரேக்குக்குப் போனது. முன்னால் வளைவு எதுவும் இல்லை. தெரிந்த ரோடு, வாரத்தில் பல தடவை வருகிற ரோடு.

“இல்லியே” என்றேன்.

அவள் வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு பார்த்தாள். பிறகு இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். மாற்றி மாற்றி, கடையில் இரண்டு புடவையை வைத்துப் பார்க்கிறவர்கள் மாதிரி, நிதானமாக.

“இதுக்கு நேரா போவுது. இதுக்கு வளையுது.”

“எவ்ளோ வளையுது?”

அவள் விரலைத் தூக்கி முன்கண்ணாடிக்கு எதிரே அந்தக் கோட்டை வரைந்து காட்டினாள். நேராக ஆரம்பித்தது, நடுவில் ஒதுங்கியது, ஒரு கல்லைச் சுற்றிப் போகிற தண்ணீர் மாதிரி போய்த் திரும்ப வந்து சேர்ந்தது. சரியாக வரவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, மறுபடி முதலிலிருந்து வரைந்தாள். நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ ஹாரனை விடாமல் அடித்தார்கள்.

“நீங்க ரோட்டப் பாருங்க” என்றாள்.